நரம்பு மட்டும் பச்சை

காலை ஆறே காலுக்கு, முதலாளி வர இன்னும் முக்கால் மணித்தியாலம் இருக்கையில், ஜெகதீஸ்வரி கறிவேப்பிலைக் கன்றுகளில் மஞ்சள் இலை பிடுங்கிக்கொண்டிருந்தாள். பிடுங்கியதைக் குப்பைக் கூடையில் போடவில்லை. ஜக்கெற் பைக்குள் திணித்தாள். மூன்று கிழமையாக இதே வேலை. யாரும் சொல்லிச் செய்வதல்ல, யாருக்கும் சொல்லக்கூடியதும் அல்ல.

மொன்ட்ரியாலின் லாசாலில், பண்டகசாலைகளுக்கு நடுவே கிடந்த அந்தக் கண்ணாடிக் கூடத்தை இரண்டாகத் தடுத்திருந்தார்கள். அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர் சிலர் சேர்ந்து எலுமிச்சை வளர்த்தார்கள். இந்தப் பக்கம் மரியதாசனின் கறிவேப்பிலை, சட்டிகளில் முன்னூற்றுப் பன்னிரண்டு கன்றுகள். வெளியே பெப்ரவரி மாதத்துக் குளிர், மூச்சு விட்டால் மூக்குக்குள்ளேயே உறையும். உள்ளே விளக்கும் வெக்கையும். திருகோணமலைக்காரரான மரியதாசன் எட்டு வருடங்களுக்கு முன் ஒரு பை விதையோடு தொடங்கியது இது. இன்று புரோசார்ட்டில் இருந்து மொன்ட்ரியால்-நோர் வரைக்கும் தமிழ்க் கடைகளுக்கு இங்கிருந்துதான் கறிவேப்பிலை போகிறது.

கன்றுகளைப் பார்ப்பவள் ஜெகதீஸ்வரி. ஐம்பத்தாறு வயது. முன்பு மீன் பொதி செய்கிற இடத்தில் நின்றவள்; அங்கே ஆட்களைக் குறைத்தபோது மரியதாசன்தான் கூப்பிட்டார். வந்து ஒரு வருடத்துக்குள் கன்றுகள் இரண்டு மடங்கு தளிர்த்தன. "எனக்கு வசியம் தெரியாது, தங்கச்சியின்ரை கைராசி" என்று கடைக்காரர்களிடம் அவர் சொல்லிச் சொல்லி, அவளும் அதை நம்பிப்போனாள். ஒருவருக்கு ஒன்றை வருடக் கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தால் அது அவருடைய உடம்பில் ஓர் உறுப்புப் போல ஆகிவிடும், பாருங்கள்.

இப்போது அந்தக் கை மஞ்சளைக் கிள்ளிக் கிள்ளி ஒளித்துக்கொண்டிருந்தது. விசித்திரமான மஞ்சள் அது. காய்ந்து விழுகிற கிழட்டு இலையின் மஞ்சள் அல்ல, தளிருக்கு அடுத்த இளம் இலைகளில் வந்தது. நரம்பெல்லாம் பச்சையாக இருக்க, நரம்புக்கு நரம்பு இடையில் மட்டும் வெளிறிப்போய், மீன் முள்ளை எடுத்து மஞ்சள் தாளில் ஒட்டிவைத்தது போல இருந்தது. தை மாதம் மூன்று கன்றில் கண்டாள். இன்றைக்கு எண்ணவே பயமாக இருந்தது.

"பொக்கற்றுக்குள்ளை என்ன, தங்கச்சி?"

அவளுக்கு உயிர் ஒருதரம் போய் வந்தது. மரியதாசன் வாசலில் நின்றார். தொப்பியில் பனி கரையவில்லை. கையில் கைத்தொலைபேசி.

"ஒண்டுமில்லை அண்ணை. சும்மா... பழுத்தது."

"எடு பாப்பம்."

எடுத்தாள். இரண்டு கை நிறைய வந்தது. அவர் ஒரு இலையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கோபிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"எவ்வளவு நாளா?"

"மூண்டு கிழமை. சரியாப் போயிடும் எண்டு நினைச்சன். உங்களைப் பயப்படுத்தக் கூடாதெண்டு..."

"நீ பிடுங்கினாலும் கமெரா பிடுங்காது. அங்காலை எலுமிச்சைக்காரன் கண்ணாடிக்குள்ளாலை படம் எடுத்து அனுப்பியிருக்கிறான்." தொலைபேசியை நீட்டினார். கட்டட முகாமையாளர் பெனுவாவின் கடிதம். எலுமிச்சைக்கும் கறிவேப்பிலைக்கும் ஒரே குடும்பமாம். ஒன்றில் வருகிற கிருமி மற்றதிலும் தொற்றுமாம். வருகிற புதன்கிழமை மத்தியானத்துக்குள் இது தொற்றுநோய் இல்லை என்று காட்டவேண்டும். காட்டாவிட்டால் கன்றுகள் எல்லாவற்றையும் பையில் கட்டி எரிப்பதற்குக் கொண்டுபோவார்கள். ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. மரியதாசன் கையெழுத்தும் வைத்திருந்தார்.

"ஆய்வுகூடத்துக்கு அனுப்பினா மறுமொழி வர ரெண்டு கிழமை," என்றார் அவர். "எங்களிட்டை இருக்கிறது ஆறு நாள்."

அன்று பின்னேரமே துஷாந்தினி வந்தாள். மரியதாசனுக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை, பயிர் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. சப்பாத்துக்கு மேலே நீலப் பை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தவள் வணக்கம் சொல்வதற்கு முன் இலையைத்தான் பார்த்தாள். மடித்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள்.

"அங்கிள், கிருமியா இருந்தா மஞ்சள் ஒழுங்கில்லாமல் திட்டுத் திட்டா வரும். ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய. இது நடு நரம்புக்கு ரெண்டு பக்கமும் கண்ணாடியிலை பாக்கிற மாதிரி ஒரே அச்சு. இது நோயில்லை. பசி."

"பசியோ? சாப்பாடு நான் அளந்தெல்லே போடுறன்! பையிலை என்னென்ன இருக்கெண்டு வாசிச்சுப் பார்."

"மங்கனீசுப் பசி மாதிரிக் கிடக்கு. இரும்பாயும் இருக்கலாம். ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி, முகம் ஒண்டுபோல."

ஜெகதீஸ்வரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டாள். "மங்கனீசு எண்டா இரும்புச் சாமான் செய்யிறது இல்லையோ, பிள்ளை? அது இலைக்கு என்னத்துக்கு?"

"அன்ரி, இலை வெயிலைக் குடிச்சு என்ன செய்யுது? தண்ணியை உடைக்குது. உடைச்சாத்தான் அதுக்குச் சத்து வரும். நாங்கள் மூச்சு விடுற காத்தும் அந்த உடையலிலை இருந்துதான் வருது. உடைக்கிற இடத்திலை நாலே நாலு மங்கனீசு அணு இருக்கு, பாக்குவெட்டி மாதிரி. அது இல்லாட்டி வெளிச்சமும் இருக்கும், தண்ணியும் இருக்கும், வெட்ட ஆள் இருக்காது. பச்சையம் வெயிலிலை கருகி வெளிறிப் போகும். பழைய இலை தன்ரை மங்கனீசை விட்டுக் குடுக்காது. அதாலை இளசுதான் முதல் பட்டினி கிடக்கும்."

"குடுக்காத கிழவன்கள் எல்லா இடத்திலையும் இருக்கிறாங்கள்," என்றார் மரியதாசன்.

துஷாந்தினி மூன்று சிறு போத்தல் எடுத்தாள். ஒன்றில் இரும்பு கரைத்த நீர், ஒன்றில் மங்கனீசு, ஒன்றில் வெறும் நீர். மெல்லிய தூரிகையால் இலையின் ஒரு பாதியில் மட்டும் பூசினாள், மறுபாதியைத் தொடவில்லை. இரும்பு பூசியதற்குச் சிவப்பு நூல், மங்கனீசுக்குக் கறுப்பு நூல், வெறும் நீருக்கு வெள்ளை. பன்னிரண்டு பன்னிரண்டு இலைகள். எந்த நூல் கட்டிய இலையில் பூசிய பாதி பச்சையாகிறதோ, அதுதான் இல்லாத பொருள்.

"எத்தினை நாள் எடுக்கும்?" என்றார் மரியதாசன்.

"சில வேளை நாலு. சில வேளை பத்து."

பிறகு ஒரு சட்டி மண்ணைத் தண்ணீரில் கலக்கி, வடித்து, புளிப்பும் காரமும் காட்டுகிற மஞ்சள் தாள் துண்டொன்றை நனைத்தாள். தாள் பச்சையாகி, அதையும் தாண்டி நீலத்துக்குப் போனது. துஷாந்தினியின் புருவம் ஏறியது.

"மண்ணிலை காரம் கூடிப்போச்சு, அங்கிள். நீங்கள் போடுற உரத்திலை மங்கனீசு இருக்கு. ஆனா இப்பிடிக் காரமான மண்ணிலை அது பூட்டின பெட்டிக்குள்ளை கிடக்கிற மாதிரி. வேர் எடுக்கேலாது. கறிவேப்பிலைக்குக் கொஞ்சம் புளிப்பு மண் வேணும். இதுக்குள்ளை என்ன போட்டனீங்கள்?"

"உரம். தண்ணி. வேறை ஒரு தூசியும் இல்லை!" மரியதாசன் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். "கேட்டுப் பார் தங்கச்சியிட்டை."

இரண்டு பேரும் ஜெகதீஸ்வரியைப் பார்த்தார்கள்.

அவள் வாயைத் திறந்தாள். "ஓம்," என்றாள். "வேறை ஒண்டுமில்லை."

சாம்பலை அவள் அந்தக் கணத்தில் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைத்தாள். ஆனால் சாம்பல் மருந்தல்லவா? கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் அடுப்புச் சாம்பல் போடாத யாழ்ப்பாணத்து வீடு உண்டா? அவளுடைய புருசன் சீனித்தம்பி விறகு அடுப்பில் பேகல் ரொட்டி சுடுகிற வெதுப்பகம் ஒன்றில் வேலை செய்தார். போன புரட்டாதியில் கன்றுகளில் பூச்சி பிடித்தபோது, ஒரு வாளி சாம்பல் கேட்டு வாங்கி இலைக்குத் தூவினாள். பூச்சி போனது. அதன் பிறகு கிழமைக்கு ஒரு வாளி. இலைக்கும் தூவல், அடிக்கும் ஒரு பிடி. மரியதாசன் கணக்குப் பார்க்கப் போகிற சனிக்கிழமைகளில் செய்தாள். ஒளித்துச் செய்யவேண்டும் என்றில்லை. கைராசி என்றால் அதற்குள் ஏதோ ஒரு சூட்சுமம் இருக்கவேண்டாமா, அது தனக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும் என்ற ஒரு சின்ன ஆசை.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அந்த ஆசையை நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது. மழையும் நிலமும் உள்ள இடத்தில் சாம்பல் கரைந்து ஓடிவிடும். சட்டிக்குள் எங்கே ஓடும்? ஐந்து மாதச் சாம்பல்.

சனிக்கிழமை காலை சீனித்தம்பி வேலை முடிந்து வந்து வாசலில் வாளியை வைத்தார்.

"இந்தா உன்ரை பிள்ளையளின்ரை பவுடர்."

"வேண்டாம்."

"ஏன், உன்ரை மரியதாசன் வேறை பவுடர் வாங்கிப்போட்டாரோ?"

"வேண்டாம் எண்டெல்லே சொல்லுறன்! கொண்டுபோய்க் கொட்டுங்கோ."

அவர் சப்பாத்தைக் கழற்றாமலே நின்று அவளைப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுவிட்டு, "இப்ப அந்தப் பிள்ளை பூசின இலை பச்சையா வந்தா அது காணும்தானே?" என்றார். "நீ ஏன் வாயைக் குடுக்கிறாய்? இனிப் போடாதை. காரம் மெல்ல மெல்ல இறங்கும். ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்."

அந்தப் பேச்சு அவளுக்கு இதமாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் ஞாயிறு, திங்கள் இரண்டு நாளையும் தள்ளினாள். ஒவ்வொரு காலையும் கறுப்பு நூல் இலைகளுக்கு முன்னால் போய் நின்றாள். திங்கட்கிழமை ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை ஒரே ஓர் இலையில் பூசிய பாதி கொஞ்சம் இருண்டாற்போல இருந்தது. விளக்கின் நிழலோ என்று தள்ளி நின்று பார்த்தாள், கிட்ட வந்து பார்த்தாள். மரியதாசனைக் கூப்பிட்டாள்.

"உங்களுக்குத் தெரியுதோ?"

"எனக்கு எல்லாம் பச்சையாத்தான் தெரியுது. மூண்டு நாளா நித்திரையில்லை, தங்கச்சி." அவர் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் குந்தினார். "நான் என்ன பிழை விட்டன்? தண்ணியோ? உரக்காரன் ஏமாத்திப்போட்டானோ? ஒவ்வொரு பையையும் திரும்ப நிறுத்துப் பாத்தன்."

சொல்லவேண்டியது அப்போதுதான். "நாளைக்கு நல்லாத் தெரியும் அண்ணை," என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை பதினொன்றரைக்குப் பெனுவா வந்தார். உயரமான, களைத்த மனிதர். வந்ததும் வராததுமாக "பொன்ஜூர், மன்னிக்கவேண்டும்" என்றார். அவருக்குப் பின்னால் கையுறை போட்ட இரண்டு பேர், ஆளுக்கொரு கட்டுக் கறுப்புப் பையோடு. துஷாந்தினி அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள்.

கறுப்பு நூல் கட்டிய பன்னிரண்டு இலைகளில் ஐந்தில் இப்போது தெரிந்தது. நடு நரம்புக்கு ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் பச்சை மேகம் மூடினாற்போல. சிவப்பு நூலில் ஒன்றில் கொஞ்சம். வெள்ளையில் ஒன்றுமில்லை. துஷாந்தினி ஒவ்வொன்றாகக் காட்டி பிரெஞ்சில் விளங்கப்படுத்தினாள். பெனுவா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டார். ஜெகதீஸ்வரிக்குப் பாதிதான் பிடிபட்டது. மரியதாசன் தமிழில் முணுமுணுத்தார்.

"உரப் பையிலை மங்கனீசு இருக்கெண்டு எழுதியிருக்குதாம். அங்காலை எலுமிச்சைக்கும் அதே குழாய்த் தண்ணிதானாம். அதுகள் பச்சையா நிக்கேக்கை எங்கடை மண்ணிலை மட்டும் எப்பிடிக் காரம் ஏறினது எண்டு கேக்கிறார். அதைச் சொல்லேலாட்டி, நோய் வந்து வேர் பழுதாகித்தான் இலை பட்டினி கிடக்குது எண்டும் சொல்லலாமாம்."

"கேள்வி நியாயம்தான்," என்றாள் துஷாந்தினி, கோபத்தோடு. "என்னட்டை மறுமொழி இல்லை."

மரியதாசன் உரப் பையின் பின்பக்கத்தைத் திரும்பவும் வாசித்தார். பெனுவா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கையுறைக்காரர்களிடம் தலையசைத்தார்.

வாசலுக்குப் பக்கத்து வரிசையில் தொடங்கினார்கள். ஒரு பையில் மூன்று கன்று. சட்டியோடு தூக்கி, கிளையை அமத்தி, பை வாயில் ஒரு கட்டு. நான்கு பைகள் கட்டி, கதவைத் திறந்து வெளியே பனியில் வைத்தார்கள். கிளை ஒடிந்த வாசம் கூடம் முழுக்க எழுந்தது. தாளிதத்தில் வருகிற, பசி கிளப்புகிற அதே வாசம்தான். ஐந்தாவது பையின் வாய் திறந்தது. அவளுடைய கால்கள் எப்போது நடக்கத் தொடங்கின என்று அவளுக்கே தெரியாது.

"செ முவா," என்றாள். "மிசியூ, செ முவா." நான்தான், நான்தான்.

எல்லோரும் திரும்பினார்கள். மேலே சொல்ல அவளுக்குப் பிரெஞ்சு இல்லை. சாம்பலுக்குப் பிரெஞ்சில் என்ன என்று வகுப்பில் ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஓடிப்போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து, அரைவாசி சாம்பல் கிடந்த பழைய வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து நிலத்தில் வைத்தாள். ஒரு பிடி அள்ளி, ஒரு கன்றின் இலைக்குத் தூவுவது போலவும், அடியில் இடுவது போலவும் கையால் காட்டினாள். பிறகு மரியதாசனைப் பார்க்காமல் தமிழில் சொன்னாள்.

"புரட்டாதியிலை இருந்து, கிழமைக்குக் கிழமை. பூச்சிக்கெண்டு போட்டனான். வியாழக்கிழமை கேக்கேக்கையும் தெரியும். சொல்லேல்லை."

துஷாந்தினி ஏற்கெனவே முழந்தாளில் இருந்தாள். ஒரு சிட்டிகைச் சாம்பலை நீரில் கலக்கித் தாளை விட்டாள். தாள் நீலத்திலும் நிற்காமல் கருநாவலாக மாறியது. அதைப் பெனுவாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

அவர் தாளைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், ஜெகதீஸ்வரியைப் பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வேலையைக் காப்பாற்ற ஆட்கள் என்ன கதையும் கட்டுவார்கள் என்று அவர் எத்தனை தடவை கண்டிருப்பார்! நிமிர்ந்து கூடத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். சுவரோரத்து மேல் தட்டைக் கை காட்டினார். அங்கே நாற்பது கன்றளவில், ஒரு மஞ்சளும் இல்லாமல், கரும்பச்சையாக நின்றன.

"அதுகளுக்கும் போட்டனீங்களோ எண்டு கேக்கிறார்," என்றாள் துஷாந்தினி.

ஜெகதீஸ்வரி அண்ணாந்து பார்த்தாள். இத்தனை நாளும் மஞ்சளையே தேடித் திரிந்தவள் பச்சையைப் பார்க்கவில்லை. மேல் தட்டுக்கு மரியதாசன்தான் ஏணி வைத்துக் குழாய் பிடிப்பார். அவள் கிட்டப் போய், குதிக்காலை உயர்த்தி, கையை நீட்டினாள். விரல் நுனி தட்டின் விளிம்போடு நின்றுபோனது.

"எனக்கு எட்டாது," என்றாள்.

பெனுவா நீள மேசைகளுக்குப் போனார். விளிம்போரச் சட்டிகள் மஞ்சள். உள்ளே போகப் போகக் குறைவு. நடு வரிசையில் பச்சை. ஜெகதீஸ்வரியைக் கூப்பிட்டு மேசையோடு நிற்கச் சொன்னார். "கை," என்றார். அவள் நீட்டினாள். கை முடிந்த இடத்தில் மஞ்சளும் முடிந்திருந்தது. இன்னொரு மேசை. அதிலும் அப்படியே. மூன்றாவது மேசையில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். கிருமி ஒரு குள்ளமான பெண்ணின் கையளவு பார்த்துத் தொற்றாது என்று அவருக்கும் தெரியும்.

ஆய்வுகூடத்துக்கு இலை அனுப்பி முடிவு வரும்வரை கன்றுகள் நிற்கலாம் என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். துஷாந்தினி சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். மண்ணைக் கழுவவேண்டும், புளிப்பு உரம் மாற்றவேண்டும், அதுவரைக்கும் இலைக்கு மங்கனீசு தெளிக்கவேண்டும் என்று கண் திறக்காமலே சொன்னாள்.

"ஆறு நாள், தங்கச்சி," என்றார் மரியதாசன். "நேற்று நான் வாளியைக் கவிழ்த்துக் குந்தியிருந்து அழாத குறையாக் கேக்கேக்கையும் நீ பாத்துக்கொண்டு நிண்டனி."

"ஓம் அண்ணை."

"சாம்பல் போட்டது பிழையெண்டு நான் சொல்லமாட்டன். என்ரை அம்மாவும் போட்டவதான். ஆனா ஆறு நாள்!"

அப்போதுதான் வெளியே வைத்த பைகள் நினைவுக்கு வந்தன. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். ஜக்கெற்றும் இல்லை. காற்று முகத்தில் அறைந்தது. முதல் பையின் முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்துக் கிழித்தாள்.

அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. இலையெல்லாம் வெந்த கீரை மாதிரிக் கறுத்து, தொட்டதும் கண்ணாடி போல நொறுங்கியது. இரண்டாவது பை, மூன்றாவது, நாலாவது. பன்னிரண்டும் போய்விட்டன. செவ்வாய்க்கிழமை சொல்லியிருந்தால் இந்தப் பன்னிரண்டும் நிற்கும். பைகள் கதவைத் தாண்ட முன் சொல்லியிருந்தாலும் நிற்கும்.

அவள் ஒரு சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். மரியதாசன் வாசலில் நின்றார். பைகளையும் பார்த்தார், கையுறை இல்லாத அவளுடைய கையையும் பார்த்தார்.

"செத்ததைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்காமல் உள்ளை வா," என்றார். "கதவைச் சாத்து. மற்றதுகளுக்குக் குளிர் அடிக்குது."